கேள்வி – பதில்: விளிம்பில் சொன்னால் போதும்

கேள்வி: எங்கள் கல்லூரி வளாகத்தில் ஏழு கட்டடங்களை ஃபைபர் கேபிளால் வளையமாக இணைத்திருக்கிறோம். கண்காணிப்புக் கேமராக்களுக்கென்று புதிய விலான் (ஒரே வலையமைப்புக்குள் தனியாகப் பிரித்து வைக்கும் பகுதி) ஒன்றைத் திறந்தபோது, வழியில் உள்ள ஒரு ஸ்விட்சில் அதைச் சேர்க்க மறந்து அரைநாள் தேடினோம். ஷார்ட்டஸ்ட் பாத் பிரிட்ஜிங் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மைதான். ஆனால் உங்களிடம் இருக்கும் ஸ்விட்சுகள் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

ஈதர்நெட்டில் தரவு ‘பிரேம்’ என்ற சிறு பொட்டலங்களாகச் செல்கிறது. அந்தப் பிரேமில், அது எத்தனை ஸ்விட்சுகளைக் கடந்தது என்று கணக்கு வைக்க இடமே கிடையாது. ஆகவே வளையத்தில் சிக்கும் பிரேம்கள் ஓயாமல் சுற்றி வலையமைப்பை முடக்கிவிடும். இதைத் தடுக்க 1985இல் கணினி விஞ்ஞானி ராடியா பெர்ல்மன் வகுத்த ஸ்பானிங் ட்ரீ என்ற நெறிமுறை, வளையத்தில் ஓர் இணைப்பை அடைத்து வைக்கிறது. அடைபட்டது உங்கள் நூலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் நடுவிலுள்ள ஃபைபர் என்றால், அடுத்தடுத்து நிற்கும் அவ்விரு கட்டடங்களும் பேசிக்கொள்ள வளாகம் முழுவதையும் சுற்றிவர வேண்டும்.

2012இல் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பால் 802.1ஏக்யூ என்ற தரமாக ஏற்கப்பட்ட ஷார்ட்டஸ்ட் பாத் பிரிட்ஜிங்கில் இப்படி அடைப்பது இல்லை. ஐஎஸ்-ஐஎஸ் என்ற ரவுட்டிங் (பாதை காணும்) நெறிமுறை வழியாக ஒவ்வொரு ஸ்விட்சும் முழு வரைபடத்தையும் அறிந்து, குறுகிய பாதைகளைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. வரக்கூடாத திசையிலிருந்து வரும் பிரேமை அங்கேயே கைவிடுகிறது.

உங்கள் கேமராவுக்கு வருவோம். அது நூலகத்தில் இருக்கிறது, அதன் படம் சேர வேண்டியது சர்வர் அறைக்கு என்று வைத்துக்கொள்வோம். அது அனுப்பும் பிரேம் நூலகத்து ஸ்விட்சுக்குள் நுழைந்ததும், தபால் பைக்குள் கடிதத்தைப் போடுவதைப் போல, அந்த ஸ்விட்ச் அதன்மேல் இன்னொரு தலைப்பை (முகவரி விவரங்கள் அடங்கிய முன்பகுதியை) போர்த்துகிறது. வெளித் தலைப்பில் இருப்பவை சர்வர் அறை ஸ்விட்சின் முகவரி, நூலகத்து ஸ்விட்சின் முகவரி, ‘ஐ-சிட்’ எனப்படும் 24 பிட் சேவை எண் ஆகியவை. இடையிலுள்ள ஸ்விட்சுகள் வெளி முகவரியை மட்டும் பார்த்து அனுப்புவதால், கேமராவின் மேக் முகவரியை (அந்தச் சாதனத்துக்கே உரிய வன்பொருள் எண்ணை) அவை கற்றுக்கொள்வதே இல்லை. விலான் எண் 12 பிட் என்பதால் 4,094 விலான்களுக்குத்தான் வழி. 24 பிட்டிலோ ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கும் மேற்பட்ட சேவைகளைத் தனித்தனியே பிரித்து வைக்கலாம்.

“இந்தச் சேவை என்னிடம் இருக்கிறது” என்று நூலகமும் சர்வர் அறையும் ஐஎஸ்-ஐஎஸ் வழியே அறிவித்துவிடும். அந்த அறிவிப்பை வைத்தே, எல்லோருக்குமான பிரேம்கள் அந்தச் சேவை உள்ள இடங்களுக்கு மட்டும் செல்லும் பாதைகளை நடுவிலுள்ள ஸ்விட்சுகள் தாமாக அமைத்துக்கொள்கின்றன. நீங்கள் கட்டளை தட்ட வேண்டியது இரண்டு முனைகளில்தான். நீங்கள் மறந்த அந்த ஸ்விட்சைத் தொடவே தேவையிருந்திருக்காது.

வாங்குமுன் இரண்டைப் பாருங்கள். வெளித் தலைப்பு 22 பைட் கூடுதல் என்பதால், நடுவிலுள்ள இணைப்புகளில் எம்டியூவை (ஒரு பிரேம் சுமக்கக்கூடிய அதிகபட்ச அளவை) உயர்த்தியாக வேண்டும். நடுவிலுள்ள ஸ்விட்சுகளின் சிப் இந்த உறையைக் கையாளக்கூடியதாக இருக்க வேண்டும்; பழையவற்றை விளிம்பு ஸ்விட்சுகளுக்குக் கீழே, சாதனங்கள் இணையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். மேலும், யாராவது ஒரே கேபிளின் இரு முனைகளையும் சுவரிலுள்ள இரண்டு சாக்கெட்டுகளில் செருகிவிட்டால் இந்தத் தரம் காப்பாற்றாது. விளிம்பில் லூப் (வளைய) பாதுகாப்பு எப்போதும் போல வேண்டும்.

கேள்வி: இது பெரிய இடங்களில் ஓடியிருக்கிறதா? டிரில் என்பதும் இதுதானா?

பதில்: 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் அவாயா நிறுவனம் அமைத்த வலையமைப்பு இதன்மேல்தான் ஓடியது. டிரில் வேறொரு நெறிமுறை. அதே பெர்ல்மன் முன்வைத்த அதுவும் ஐஎஸ்-ஐஎஸ்ஸையே நம்புகிறது. ஆனால் தனித் தலைப்பில், எத்தனை ஸ்விட்சுகளைத் தாண்டலாம் என்ற தாவல் எண்ணிக்கையை வைத்து வளையத்தைத் தடுக்கிறது. டேட்டா சென்டர்களில் இன்று இவ்விரண்டையும்விட, ஈதர்நெட் பிரேம்களை ஐபி வலையமைப்பின்மேல் கொண்டுசெல்லும் விஎக்ஸ்லானே பரவலாக இருக்கிறது; அதிலும் சேவை எண் 24 பிட்தான்.