Re: வீட்டோவை மீற 290 வாக்கு கட்டாயமா?

அமெரிக்கக் குடியுரிமை நேர்காணலுக்குப் படிக்கும்போது, அதிபரின் வீட்டோவை (மசோதாவை ஏற்காமல் திருப்பி அனுப்புவதை) மீற பிரதிநிதிகள் சபையில் 290 வாக்கு கட்டாயமா என்று கேட்டிருந்தீர்கள். அங்குள்ள 435 உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு 290 என்று நீங்கள் போட்ட கணக்கு சரி. ஆனால் விதி அப்படி இல்லை. அவையில் இருந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு போதும். மொத்த உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்ப்பது, அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகைக்குத்தான் (பிரதிநிதிகள் சபையில் 218). 1919-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்திவிட்டது.

2007 அக்டோபரில் குழந்தைகள் மருத்துவக் காப்பீட்டு மசோதாவை அதிபர் புஷ் வீட்டோ செய்தார். பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 273, எதிர்ப்பு 156. வாக்களித்தது 429 பேர், தேவைப்பட்டது 286. பதின்மூன்று வாக்கில் வீட்டோ தப்பியது. அங்கே தோற்றால் இன்னொரு அவையான செனட்டுக்குப் போகவே வேண்டாம், இரண்டு அவையிலும் ஜெயித்தாக வேண்டும். மாறாக, 2021 ஜனவரி 1 அன்று செனட் 81-13 என்று ட்ரம்பின் வீட்டோவை மீறியது. பாதுகாப்புத் துறைச் சட்டம் அது. பிரதிநிதிகள் சபை நான்கு நாள் முன்பே மீறியிருந்ததால் அது சட்டமானது.

இன்னொன்று, அதிபர் கையெழுத்தும் போடாமல் திருப்பியும் அனுப்பாமல் இருந்தால், ஞாயிறு நீங்கலாகப் பத்து நாளில் மசோதா தானாகச் சட்டமாகும். அதற்குள் காங்கிரஸ் (இரண்டு அவையும் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றம்) கூட்டத்தொடரை முடித்துக்கொண்டு போய்விட்டால் மசோதா செத்தது. இதை மீற வழியே கிடையாது, திரும்ப முதலிலிருந்துதான். சரியான தந்திரம்!

நேர்காணலில் இவ்வளவு ஆழம் போகமாட்டார்கள். மசோதாவை வீட்டோ செய்பவர் யார் என்றால் "அதிபர்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.