சர்ச்ல ஃபாதர் எதுக்கு? கடவுள்கிட்ட நாமளே நேரா பேசிக்கக் கூடாதா?

தாராளமா பேசலாம், யாரு தடுத்தா? பெந்தகோஸ்தே நண்பர்கள் கீழ வந்து 1 தீமோத்தேயு 2:5 பைபிள் வசனத்த போடறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன், கடவுளுக்கும் நமக்கும் நடுவுல மத்தியஸ்தர் இயேசு ஒருத்தர்தான், அதுல எனக்கு சண்டையே இல்ல. ஆனா நீங்க கேக்கற தொனிய பாத்தா கல்யாண பேப்பருக்கு பங்குல, அதான் உங்க ஏரியா சர்ச்ல, அலைய விட்டிருக்காங்க போல. எனக்கு அதே பேப்பர்லதான் ஃபாதர் எதுக்குன்னு புரிஞ்சுது.

எங்க வீடு பெங்களூர் அல்சூர் பக்கம், பூர்வீகம் தூத்துக்குடி. டிகிரி முடிச்ச கையோட அத்தை பையனுக்கு பேசி முடிச்சிட்டாங்க. நம்மள்ல அது சகஜம், ஆனா கத்தோலிக்கத்துல ரத்த உறவுத் தடை, ஆயர்கிட்ட (பிஷப்) விலக்கு வாங்கினாத்தான் கல்யாணம் செல்லும். அதுக்கு முன்னாடி பொண்ணு மாப்பிள்ளைய தனித்தனியா விசாரிப்பாங்க. கூடவே உள்ள வந்த அப்பாவ ஃபாதர் வெளில இருக்க சொல்லிட்டாரு. "யாராவது கட்டாயப்படுத்தறாங்களா"ங்கறது ஃபாரத்துல அச்சடிச்ச கேள்விதான், நிறைய பேரு எழுதிட்டே "இல்லல்ல?"னு கேட்டு டிக் அடிச்சிட்டு போயிடுவாங்க. இவரு பேனாவ மூடி வச்சுட்டு என்னைய பாத்தாரு. அம்மாகிட்ட கூட சொல்லாதத அங்க சொல்லிட்டேன்.

வெளில வந்து அப்பாகிட்ட "இதுக்கு நான் ஓலை வாசிக்க மாட்டேன்"னாரு, அவ்ளோதான். ஓலைன்னா பூசைல படிக்கற கல்யாண அறிவிப்பு. ஏன், பொண்ணு என்ன சொன்னான்னு எவ்வளவோ கேட்டும் வாயத் திறக்கல. மண்டப அட்வான்ஸ் போச்சு, புள்ளகுட்டி இல்லாதவனுக்கு என்ன தெரியும்னு சொந்தக்காரங்க திட்டாத திட்டு இல்ல, காசு எதிர்பாக்கறாருன்னு கூட கிளப்பி விட்டாங்க, எல்லாத்தையும் அவரே வாங்கிக்கிட்டாரு. அத்தைக்கு இன்னிக்கு வரைக்கும் நெசம் தெரியாது.

பின்னாடி படிச்சு தெரிஞ்சுக்கிட்டேன், எங்க லத்தீன் ரீதில (கத்தோலிக்கத்துல ஒரு வழிபாட்டு மரபு) பொண்ணும் பையனும்தான் கல்யாணங்கற அருட்சாதனத்த, அதாவது அந்த புனிதச் சடங்க, ஒருத்தருக்கொருத்தர் கொடுத்துக்கறாங்க, ஃபாதர் திருச்சபை சார்பா சம்மதத்த கேட்டு வாங்கற சாட்சி. பயமுறுத்தி வாங்கின சம்மதம் செல்லாதுன்னு திருச்சபைச் சட்டத்துல 1103ன்னு தனியாவே ஒண்ணு இருக்கு. அந்த இடத்துல என் சித்தப்பா உக்காந்திருந்தா டிக் அடிச்சிருப்பாரு.

எல்லா சாமியாரும் யோக்கியம்னு நான் சொல்லல, பேப்பர் நானும் படிக்கிறேன். சிஎஸ்ஐங்கற புராட்டஸ்டண்ட் சபை ஐயருங்களுக்கு (பாஸ்டருங்க) குடும்பம் உண்டு, அவங்க சங்கதி வேற, அத இங்க இழுக்காதீங்க.

அவரு மாத்தலாகி போயாச்சு. இப்ப இருக்கறவருக்கு தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஞாயித்துக்கிழமை விடியக்காலைல ஒரே ஒரு தமிழ் பூசை, கடைசி பாட்டு முடியறதுக்குள்ள அடுத்த இங்கிலீஷ் பூசைக்கு வர்றவங்க காருக்கு இடம் விடுன்னு ஹாரன் அடிக்கறாங்க, பங்குப் பேரவைல கேட்டா ஆள் வர்றதில்லம்மாங்கறாங்க, அந்த நேரத்துல வச்சா வயசானவங்க எப்படி வருவாங்க?

சரி, உங்க விஷயம். ஞானஸ்நான சர்டிபிகேட் பழசு கொண்டு போகாதீங்க, ஞானஸ்நானம் வாங்கின பங்குல புதுசா வாங்குங்க. கல்யாணம் ஆனா அங்க இருக்கற ஞானஸ்நான ரிஜிஸ்டர்லதான் குறிப்பாங்க, ஏற்கெனவே ஆகலன்னு அத வச்சுத்தான் பாப்பாங்க.