புறாவின் ரத்தத்தில் ஒட்டுண்ணி இருப்பதை எப்படிக் கண்டறிவது? பிசிஆர் அவசியமா?

வியாசர்பாடியில் மொட்டை மாடியில் ஹோமர் எனும் பந்தயப் புறா வளர்க்கும் நண்பர் கேட்டிருக்கிறார்: பறவைகள் சோர்ந்து வந்து இறங்குகின்றன, கூட்டாளிகள் பிசிஆர் (கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) எடுக்கச் சொல்கிறார்கள், எடுக்கலாமா? காட்டுப் பறவைகளுக்கும் இதே சோதனைதானா?

கால்நடை ஆய்வுக்கூடத்தில் ஸ்லைடு பார்ப்பது என் பிழைப்பு என்பதால் ஒருதலையாகச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் சரி, முதலில் ஸ்மியர் (ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் இழுத்து, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது) எடுங்கள். 1898இல் கல்கத்தாவில் ரொனால்ட் ராஸ், மலேரியாக் கிருமி கொசுவுக்குள் வளர்ந்து மீண்டும் பறவைக்கே வருவதைச் சிட்டுக்குருவிகளின் ரத்தத்தை வைத்துத்தான் நிறுவினார். அவரிடம் இருந்ததெல்லாம் நுண்ணோக்கிதான்.

இறக்கையின் அடிப்பக்க நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் போதும். அதை மெல்லிய படலமாக இழுத்து உடனே உலர்த்த வேண்டும். சென்னையில் பாதி வேலை கெடுவது இங்கேதான். இந்தப் புழுக்கத்தில் படலம் மெதுவாகக் காய்ந்தால் அணுக்கள் உருக்குலைந்துவிடும். மின்விசிறிக்குக் கீழே பிடியுங்கள். அடுத்து, காய்ந்த படலத்தைப் பதப்படுத்தும் மெத்தனால், மூடி சரியாக இல்லாவிட்டால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதில் பதப்படுத்திய ஸ்லைடில் சிவப்பணுக்களுக்குள் பளபளவென்று புள்ளிகள் தெரியும். பழகாத கண் அவற்றை ஒட்டுண்ணி என்று எழுதிவிடும். ஜீம்சா சாயத்தைக் குழாய்த் தண்ணீரிலோ போர்த் தண்ணீரிலோ கலக்காமல், 7.2 பிஎச் அளவை மாறாமல் காக்கும் தாங்கல் (பஃபர்) கரைசலில் கலக்க வேண்டும்.

பறவையின் சிவப்பணுவில் உட்கரு உண்டு. அதைச் சுற்றி வளைந்து, பழுப்பு நிறமித் துகள்களோடு படுத்திருப்பது பெரும்பாலும் ஹீமோபுரோட்டியஸ் எனும் ஒட்டுண்ணி. நம் ஊர்ப் புறாக்களில் இது சர்வசாதாரணம். அணுவுக்குள்ளேயே ஒட்டுண்ணி பிளந்து பெருகும் நிலையும் தெரிந்தால் அது மலேரியாக் கிருமியான பிளாஸ்மோடியம். நிறமியே இல்லாமல், தங்கிய அணுவை அடையாளம் தெரியாதபடி உருமாற்றியிருந்தால் லூகோசைட்டோசூன். கோழி வளர்ப்பவர்கள் இதைத்தான் கவனிக்க வேண்டும்.

பிசிஆர் நுட்பமானது, மறுக்கவில்லை. பழைய தொற்றில் ரத்தத்தில் மிகக் குறைவாக இருக்கும் ஒட்டுண்ணி ஸ்மியரில் தப்பிவிடலாம், பிசிஆரில் சிக்கும். ஆனால் பரவலாகப் பயன்படும், ஒட்டுண்ணியின் சைட்டோகுரோம் பி என்ற மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை ஹீமோபுரோட்டியஸுக்கும் பிளாஸ்மோடியத்துக்கும் ஒன்றுபோலவே 'பாசிட்டிவ்' காட்டும். எது என்று அறிய மரபணு வரிசையையும் படிக்க வேண்டும். அதற்குத் தனிச் செலவு. இரண்டும் கலந்திருந்தால் ஒன்று மற்றொன்றை மறைத்துவிடுவதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒட்டுண்ணி இருக்கிறது என்பதாலேயே சோர்வுக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. ஹீமோபுரோட்டியஸோடு நன்றாகப் பறக்கும் புறாக்கள் ஏராளம். அதனால் ஸ்மியரில் எத்தனை அணுக்களுக்கு ஒன்றில் தெரிகிறது என்று எண்ணித் தரச் சொல்லுங்கள். எச்சத்தையும் தொண்டையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். குடற்புழுவோ வாய்ப்புண் நோயோ காரணமாக இருக்கலாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் பறவையையே கொண்டுபோவது நல்லது.

அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். இறகுக்குள் தட்டையாக ஓடும் புறா ஈ இருக்கிறதா என்று பாருங்கள். ஹீமோபுரோட்டியஸைப் பரப்புவது அதுதான். கூட்டின் குப்பையில்தான் அது கூட்டுப்புழுவாகக் கிடக்கும் என்பதால், 15 முதல் 20 நாளுக்குள் ஒருமுறை கூட்டை முழுதாகச் சுரண்டிக் கழுவினால் பெருக்கம் அறுபடும். மருந்து கொடுத்துவிட்டு ஈயை விட்டுவைத்தால் அடுத்த மாதமும் இதே கேள்வியோடு வருவீர்கள்.

காட்டுப் பறவைகளுக்கும் சோதனை இதேதான், சட்டம் வேறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, கிண்டியிலோ பள்ளிக்கரணையிலோ அனுமதியில்லாமல் ஒரு கொக்கைப் பிடித்து ரத்தம் எடுப்பது குற்றம். அடிபட்ட பறவை கையில் கிடைத்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். ரத்தம் எடுப்பதா வேண்டாமா என்பதை அங்குள்ள மருத்துவர் பார்த்துக்கொள்வார்.