சரிவில் புல் நிற்கவில்லை, வேறு எது நிற்கும்?

கேள்வி: வீட்டின் பின்புறம் மண்ணை வெட்டிவிட்ட சரிவு இருக்கிறது. நீளம் 30 அடி. மேலிருந்து கீழ்வரை சரிவோடு அளந்தால் 12 அடி. உயரம் சுமார் 6 அடி. மேற்குப் பார்த்தது, மதியத்திலிருந்து முழு வெயில். மெக்சிகன் புல் போட்டோம். கோடையில் பாதி காய்ந்தது, மிச்சம் செப்டம்பர் மழையில் மண்ணோடு இறங்கிவிட்டது. நர்சரியில் வெடேலியா என்ற மஞ்சள் பூப் படர்செடியை வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா?
– வாசகி, கெங்கேரி, பெங்களூரு

பதில்: வெடேலியா வேண்டாம். மழையில் தளதளவென்று இருக்கும், மார்ச்சில் சருகாகும். ஒடிந்த துண்டு போய் ஒட்டிய இடத்திலெல்லாம் வேர்விடும். கீழே ராஜ காலுவே (பெரிய மழைநீர்க் கால்வாய்) ஓடினால் கரை முழுக்க அதுதான்.

செடிக்கு முன்னால் தண்ணீரைக் கவனியுங்கள். செம்மண் காய்ந்தால் மேல்பரப்பு இறுகிவிடும். சரிவில் விழும் மழை உள்ளே இறங்காமல் ஓடிவிடுவதால், நல்ல மழைக்காலத்திலும் அரை அடிக்குக் கீழே மண் உலர்ந்தே கிடக்கும். மெக்சிகன் புல்லின் வேரோ சில அங்குலம்தான். எனவே மொட்டை மாடித் தண்ணீர் சரிவில் விழுகிறதா என்று முதலில் பாருங்கள். விழுந்தால் குழாய் போட்டுப் பக்கவாட்டில் இறக்குங்கள். இதைச் செய்யாமல் எதை நட்டாலும் வீண்.

அடுத்தது வெட்டிவேர். இது ஓடுதண்டு விட்டுப் பரவாது, வேர் நேராகக் கீழே ஆழமாக இறங்கும். கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் லெவலை (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்து, ஒவ்வொன்றும் சாயாமல் ஒரே மட்டத்தில் ஓடும்படி மூன்று கோடு போடுங்கள்: உச்சியிலிருந்து ஓரடி கீழே, நடுவில், அடிவாரத்தில். கண்ணளவில் போட்டால் கோடு ஒரு பக்கம் சாயும், தண்ணீர் அந்தப் பக்கமே சேர்ந்து மண்ணை அறுக்கும். அரை அடிக்கு ஒரு நாற்று, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று தூர். இலையை 8 அங்குலத்துக்கும் வேரை 3 அங்குலத்துக்கும் வெட்டி நடுங்கள். வரிசைக்கு 60 வீதம் 180 ஆகும். இன்னும் 20 நாற்றைப் பையில் வளர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் ஒன்று பட்டுப்போனாலும் அந்த இடைவெளிதான் ஓட்டையாகி ஓடை பறிக்கும்; உடனே அடைக்க வேண்டும்.

வரிசைகளுக்கு நடுவே ஒரே செடியை நிரப்பாதீர்கள். மேல்பாதி சீக்கிரம் காயும், கீழ்பாதியில் ஈரம் தங்கும். மேலே படரும் லாண்டனா வையுங்கள்: ஒன்றரை அடி இடைவெளியில், முக்கோணமாக, சுமார் 90 செடி. வாங்கும்போது தண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். தண்டு மெல்லியதாகத் தரையோடு படிந்து, பூ இளம் ஊதா நிறத்தில் இருக்க வேண்டும். தண்டில் வளைந்த முள் இருந்து, ஒரே கொத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்து பூத்தால் அது பந்திப்பூர் காட்டை ஆக்கிரமித்திருக்கும் உன்னிச்செடி, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தெரு மாடு, ஆடு நுழையும் இடமானால் லாண்டனாவே வேண்டாம், இலை அவற்றுக்கு நஞ்சு.

கீழ்பாதிக்கு ஊதா இலையோடு படரும் பர்ப்பிள் ஹார்ட் போதும். ஓரடிக்கு ஒன்றென்றால் 200 செடி ஆகும், ஆனால் 40 வாங்கினாலே போதுமானது. இரண்டு கணு விட்டு ஒடித்து நட்டால் பிடித்துக்கொள்ளும். சாறு சிலருக்கு அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

செடிகள் மண்ணை மூடும்வரை காப்பது தென்னைநார் வலை. சதுர மீட்டருக்கு 700 கிராம் தரம் வாங்குங்கள். மேல் முனையை ஓரடிக் குழியில் புதைத்து, கீழ்நோக்கி உருட்டி விரித்து, பக்கத்து வலையோடு அரை அடி ஏற்றிப் போட்டு, மூன்றடிக்கு ஒரு வளைகம்பி அடியுங்கள். களையைத் தடுக்கும் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு கூடாது. அதன் அடியில் தண்ணீர் ஓடி மண் குழியும், படர்தண்டும் வேரூன்ற முடியாது.

வலையைக் கீறி அரை அடிக் குழி எடுங்கள். மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய உரம். செடி வானத்தைப் பார்த்து நேராக நிற்க வேண்டும், சரிவுக்குச் செங்குத்தாக அல்ல. கீழ்ப்பக்கம் மட்டும் இரண்டு அங்குல உயரத்துக்குப் பிறைவடிவ வரப்பு கட்டுங்கள். மேலிருந்து வரும் மண் தண்டின் கழுத்தை மூடினால் அழுகும், அவ்வப்போது விலக்கிவிடுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஜூனில் இரண்டு நல்ல மழை விழுந்ததும் நடுங்கள். செப்டம்பர், அக்டோபர் கனமழைக்குள் வேர் பிடித்திருக்கும். பிப்ரவரியில் நட்டுவிட்டுத் தண்ணீருக்கு அலைய வேண்டாம். 2024 மார்ச்சில் குடிநீரைத் தோட்டத்துக்கு விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று இங்கே குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கும்.

மண்ணில் நீளவாக்கில் விரிசல் தெரிந்தாலோ, மேலே உள்ள சுவர் சாய்ந்தாலோ செடியை விடுங்கள், கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: சரிவில் சொட்டுநீர்க் குழாய் போட்டோம். மேலே செடி வாடுகிறது, கீழே அழுகுகிறது. ஏன்?
– வாசகர், ஜாலஹள்ளி

பதில்: குழாயை மேலிருந்து கீழாக விட்டிருப்பீர்கள். மோட்டார் நின்றபின் குழாயில் மிஞ்சிய தண்ணீர் முழுவதும் அடிச்சொட்டான்கள் வழியே வடியும். ஒவ்வொரு குழாயையும் ஒரே மட்டத்தில் குறுக்காகப் போட்டு, வரிசைக்கு ஒரு வால்வு வையுங்கள். மணிக்கு 2 லிட்டர் விடும், அழுத்தம் சீராக்கும் சொட்டான் நல்லது. அரை மணி தொடர்ந்து விடாமல், பத்து நிமிடம் விட்டு அரை மணி நிறுத்தி, இப்படி மூன்று முறை செய்யுங்கள். ஒரு செடிக்கு அதே ஒரு லிட்டர்தான், ஆனால் ஓடாமல் ஊறும். ஊறியதா என்று பார்க்க ஸ்க்ரூடிரைவரைக் குத்துங்கள்; நான்கு அங்குலம் சிரமமில்லாமல் இறங்க வேண்டும்.

கேள்வி: டேபிள் ரோஸ் சரிவுக்கு ஆகுமா?
– வாசகி, ஹெப்பால்

பதில்: வெயிலைத் தாங்கும், தொடர்மழையில் அழுகும். வேர் மேலாக ஓடுவதால் மண்ணையும் பிடிக்காது. படிக்கட்டு ஓரத்தில் ஒரு வரிசை வையுங்கள், சரிவை நம்பி ஒப்படைக்காதீர்கள்.