பதில்: வன நிலத்தில் ஃபைபர் அனுமதி இழுத்துக்கொண்டே போகிறது

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உங்கள் ஊருக்கு வரவேண்டிய ஃபைபர் இணையக் கேபிள், மத்திய அரசின் வன நிலத்தில் அனுமதி கிடைக்காமல் ஒன்றரை வருடமாக நிற்கிறது, சட்டத்தில் கெடுவே இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. 2018-இல் வந்த மொபைல் நவ் என்ற மத்திய அரசுச் சட்டப்படி, முறையாகத் தந்த விண்ணப்பத்துக்கு நிலத்தை நிர்வகிக்கும் துறை 270 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். மறுத்தால் காரணத்தையும் எழுதித் தர வேண்டும். ஆனால் கெடு தாண்டினால் அனுமதி தானாகக் கிடைத்துவிடாது. பல் இல்லாத சட்டம்தான்.

முதலில் ஃபைபர் போடும் நிறுவனத்திடம் ஒன்றைக் கேளுங்கள்: எஸ்எஃப்-299 என்ற நில அனுமதி விண்ணப்பப் படிவம் முழுமையாக இருப்பதாகத் துறை ஏற்றுக்கொண்ட தேதி எது? பாதை வரைபடம் சரியில்லை என்று படிவம் திரும்பியிருந்தால் நாள் கணக்கே தொடங்கியிருக்காது. 'அனுமதிக்குக் காத்திருக்கிறோம்' என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள். தேதி கிடைத்ததும் உங்கள் காங்கிரஸ் உறுப்பினரின் உள்ளூர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். துறையிடம் நிலவரம் கேட்டுச் சொல்ல அங்கே ஆள் உண்டு.