மெஷின் லேர்னிங்கா, கிரிப்டோகிராஃபியா: எதில் முதலில் இறங்குவது?

கேள்வி: பி.இ. கணினி அறிவியல் கடைசி ஆண்டு படிக்கிறேன். மெஷின் லேர்னிங், கிரிப்டோகிராஃபி இரண்டிலும் ஆர்வம். இரண்டும் சேர்ந்த துறையில் ஆராய்ச்சி விஞ்ஞானி ஆக முடியுமா? எதை முதலில் படிக்க வேண்டும்?

பதில்: முடியும். முதலில் கிரிப்டோகிராஃபியில், அதாவது தகவலைப் பிறர் கண்ணில் படாமல் காக்கும் குறியாக்கவியலில், இறங்குங்கள். மெஷின் லேர்னிங்கை வேலைக்கு நடுவிலும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் ‘எதிராளி என்ன செய்வான்’ என்று யோசித்து, அவனால் முடியாது என்று நிரூபிக்கும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் கைவராது.

2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘செக்யூர் அக்ரிகேஷன்’ முறையைப் பாருங்கள். பல கைப்பேசிகள் சேர்ந்து ஒரே மாடலைப் பயிற்றுவிக்கின்றன. சர்வருக்கு மொத்தம் தெரியலாம், தனி மதிப்பு தெரியக்கூடாது. இரண்டு போன்கள் தங்களுக்குள் 37 என்ற ரகசிய எண்ணை வைத்துக்கொள்கின்றன. முதல் போனின் மதிப்பு 5. 37-ஐக் கூட்டி 42 அனுப்புகிறது. அடுத்ததன் மதிப்பு 8; 37-ஐக் கழித்து -29 அனுப்புகிறது. கூட்டினால் 13, ரகசியம் அடிபட்டுப்போகும். ஒவ்வொரு ஜோடிக்கும் இப்படி ஒரு எண்.

சரி, நடுவில் ஒரு போன் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டால்? மற்றதன் 37 அடிபடாமல் நின்று மொத்தமே பாழாகும். அதற்குத்தான் குறியாக்கவியல் அறிஞர் ஷமீர் 1979-இல் சொன்ன ரகசியப் பங்கீடு. ஒவ்வொரு போனும் தன் ரகசியத்தைத் துண்டுகளாக்கி மற்றவற்றிடம் முன்பே கொடுத்து வைக்கும்; அணைந்த போனின் ரகசியத்தை மற்றவை சேர்ந்து மீட்டுக்கொடுக்கும். அப்புறம், அணையாத போனை அணைந்துவிட்டதாகச் சர்வரே பொய் சொன்னால்? அதன் மதிப்பு அம்பலமாகிவிடும். ஆகவே ஒவ்வொரு போனும் தனக்கென்று இரண்டாவது ரகசிய எண்ணையும் கூட்டுகிறது. அணையாத போனுக்கு இந்த எண்ணை மட்டும், அணைந்த போனுக்கு ஜோடி ரகசியத்தை மட்டும் மற்றவை மீட்டுக்கொடுக்கும்; ஒரே போனுக்கு இரண்டையும் கொடுக்காது. இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர்தான் இத்துறைக்கு வேண்டும்.

குறியாக்கவியல் ஆய்வாளர் வினோத் வைகுண்டநாதனைப் பாருங்கள். சென்னை ஐஐடியில் பி.டெக்., எம்ஐடியில் முனைவர் பட்டம். பூட்டிய தகவலைத் திறக்காமலே அதன்மேல் கணக்குப் போட உதவும் ஹோமோமார்ஃபிக் குறியாக்கத்துக்காக, கோட்பாட்டுக் கணினி அறிவியலுக்கான கோடல் பரிசை 2022-இல் பகிர்ந்துகொண்டார். அதே ஆண்டு, மெஷின் லேர்னிங் மாடலில் கண்டுபிடிக்கவே முடியாத கள்ளவாசல் (வைத்தவர் மட்டும் மாடலின் விடையை மாற்ற உதவும் ரகசிய வழி) வைக்கலாம் என்று நிரூபித்த ஆய்விலும் இருந்தார். குறியாக்கத்தில் ஊறியவர் கண்ணுக்குத்தான் அது படும்.

ஆய்வகங்கள் பெரும்பாலும் பிஎச்.டி. எதிர்பார்க்கும். அதற்கு முன் பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சின் ஃபெலோ திட்டத்தையும் முயன்று பாருங்கள். குறியாக்கவியல் ஆய்வாளர்களின் சர்வதேச அமைப்பான ஐஏசிஆரின் இ-பிரிண்ட் தளத்தில் ஆய்வுக்கட்டுரைகள் இலவசம். இந்த ஆண்டே மேலே சொன்ன முறையைப் பைத்தானில் பத்துப் போன்களுக்கு எழுதி, இரண்டை நடுவில் அணைத்துப் பாருங்கள். பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதும்போது மதிப்பெண் பட்டியலுக்கு முன்னால் அதை வையுங்கள்.