நச்சு நீரைச் சுத்தம் செய்யும் பாக்டீரியா: கேள்வி பதில்

கலைவாணி: நச்சை உடைப்பதால் பாக்டீரியாவுக்கு என்ன லாபம்?

அதற்கு அது சாப்பாடு. ஆலைக் கழிவுநீரில் வரும் பீனால் என்ற நச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். சூடோமோனாஸ் புட்டிடா என்ற பாக்டீரியா அதன் ஆறு கார்பன் வளையத்தை நொதிகளால் உடைத்து, கிடைக்கும் ஆற்றலில் பெருகுகிறது. மிஞ்சுவது கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும். செறிவு எல்லை மீறினால் அதே பீனால் பாக்டீரியாவையும் கொன்றுவிடும்.

செந்தில்: பாக்டீரியா பொடி வாங்கிக் கொட்டினால் போதுமா சார்?

பெரும்பாலும் வீண் செலவு. 1989-ல் எக்ஸான் வால்டீஸ் கப்பலின் எண்ணெய் அலாஸ்கா கரையில் படிந்தபோது, அங்கே தூவியது நைட்ரஜனும் பாஸ்பரஸும் கொண்ட உரத்தை. எண்ணெயில் கார்பன் ஏராளம், இந்த இரண்டும்தான் பற்றாக்குறை. அந்தப் பற்றாக்குறை நீங்கியதும் கரையில் ஏற்கெனவே இருந்த பாக்டீரியாவே வேகமெடுத்தது. அதனால் முதலில் ஆக்சிஜன், பிஎச் (அமில-காரத் தன்மை), நைட்ரஜன் மூன்றையும் அளந்து பாருங்கள்.

ரஹீம்: நிலத்தடி நீரில், உலோகத்தின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் கரைப்பானான டிரைகுளோரோஎத்திலீன் இருந்தது. பாக்டீரியா விட்ட பிறகு நன்றாகக் குறைந்துவிட்டது. வெற்றிதானே?

அவசரப்படாதீர்கள். குறைந்தது சரி, அது என்னவாக மாறியது? ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பாக்டீரியா அதன் மூன்று குளோரினையும் ஒவ்வொன்றாகக் கழற்றும். ஒன்று போனால் டைகுளோரோஎத்திலீன், இன்னொன்று போனால் வினைல் குளோரைடு, கடைசியும் போனால்தான் தீங்கில்லாத எத்திலீன். வினைல் குளோரைடு புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான விஷயம். வேலை அந்தப் படியில் நின்றால் முன்பிருந்ததைவிட மோசமான தண்ணீர்தான் கிடைக்கும்.

கடைசிப் படி வரை கொண்டுபோவது பெரும்பாலும் டிஹாலோகாக்காய்டிஸ் என்ற பாக்டீரியா இனம்தான். அதிலும் எல்லா ரகத்திடமும் வினைல் குளோரைடை உடைக்கும் மரபணு இருக்காது. அந்த ரகம் உங்கள் மண்ணில் இல்லையென்றால், வெளியிலிருந்து வளர்த்துக் கொண்டுவந்து விடுவது நியாயமான செலவு. இதற்கு ஹைட்ரஜனும் வேண்டும்; தாவர எண்ணெயோ லாக்டேட்டோ (லாக்டிக் அமிலத்தின் உப்பு) செலுத்தினால் மற்ற நுண்ணுயிர்கள் அதை நொதிக்கவைத்து ஹைட்ரஜன் தரும். ஆய்வகத்தில் டிரைகுளோரோஎத்திலீன் முதல் எத்திலீன் வரை நான்கு பொருளையும் சேர்த்தே அளக்கச் சொல்லுங்கள். எத்திலீன் ஏறி, வினைல் குளோரைடு இறங்கினால் நம்பலாம்.

மேரி: குரோமியத்தையும் இப்படி அழிக்கலாமா?

உலோகம் ஒரு தனிமம், அதை எந்த உயிரும் அழிக்க முடியாது. கரைந்து ஓடும் நச்சான குரோமியம் 6-ஐ, எளிதில் கரையாத குரோமியம் 3-ஆக மாற்றலாம். அப்புறமும் அது அங்கேயேதான் படிந்திருக்கும், கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பிரபு: பிஃபாஸ் வேதிப்பொருள்களுக்கு?

பிஃபாஸ் என்பவை கார்பனும் ஃபுளோரினும் பிணைந்த செயற்கை வேதிப்பொருள்கள். அந்தப் பிணைப்பு மிக வலுவானது, பாக்டீரியாவால் எளிதில் உடைக்க முடியாது. குடிநீரை இதற்காக பாக்டீரியாவிடம் ஒப்படைக்காதீர்கள். கிளர்வூட்டிய கரியால் வடிகட்டுங்கள்.